இடுப்பு உயரத்தில் ஈரமில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

நான் ஓய்வு பெறுகிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. சிரிக்க வேண்டாம், பழைய கட்டடம் பழுதுபார்க்கும் களத்திலிருந்து மட்டும்தான் ஓய்வு. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு ஏர்கான் அறை, சுழல் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே யாரோ வேலை செய்வதைப் பார்க்கும் பாக்கியம். பாஸ் என்னிடம் கேட்டது இரண்டு பக்க ஒப்படைப்புக் குறிப்பு. எந்தச் சாவி எங்கே, எந்தச் சப்ளையர் ஃபோனை எடுப்பார், எவர் எடுக்கவே மாட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டேன். நீங்கள் அதைப் படிக்கமாட்டீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதை நானும் படிக்கவில்லை. அதனால்தான் இது.

உங்களில் ஒருவர் சேர்ந்த மூன்றாம் நாளே என்னிடம் கேட்டார்: "அக்கா, வெளிப்பக்க மரத்துக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எந்த ஃபில்லர் பெஸ்ட்?" நல்ல கேள்வி. மர ஓட்டையை அடைக்கும் பூச்சைப் பற்றிய அந்தக் கேள்வியின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. நான் சேர்ந்த முதல் வருஷத்தில் அதற்கு விடை கண்டுபிடித்தேன். விடை சரியான விடை. அந்தச் சரியான விடையால் தேக்காவில் ஒரு பூக்கடை, தீபாவளிக்கு முன்னால், இருக்கிற இடத்தை இழக்கப் பார்த்தது.

தேக்காவில் ஒரு மூன்று மாடிக் கடைவீடு. கீழே பாத்திரக்கடை, மேலே யாரோ வாடகைக்கு. முகப்பு முழுக்க மரம். நடுவில் வாசல் நிலை, இரண்டு பக்கமும் மடக்குக் கதவுகள், எல்லாம் நம் நால்வர் வயதையும் கூட்டினாலும் எட்டாத பழசு. இடது நிலைக்காலை ஒட்டி, கடைக்கு முன்னால் ஓடும் கூரையுள்ள நடைபாதையான அஞ்சடியில், ஜெயா அக்காவின் பூ மேசை. மேசைக்கு அடியிலும் பக்கத்திலும் பூ வாளிகள். கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள், முதலில் கண்ணில் படுவது அவர் மேசைதான். அதனால் அந்த இடது பக்கம் வெறும் இடது பக்கம் இல்லை, அவருடைய பிழைப்பு.

கட்டடத்தின் சொந்தக்காரர் புக்கிட் பாத்தோக்கில் இருப்பவர். கோபப்படாத மனிதர். கோபப்படாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பிறகு கற்றேன். முதல் சந்திப்பிலேயே அமைதியாகச் சொன்னார்:

"எனக்கு ரிப்பேர் பிடிக்காதும்மா. ரிப்பேர்னா மறுபடி ரிப்பேர். முகப்பு மொத்தத்தையும் உருவிட்டு, அதே மாதிரி புது மரத்துல செஞ்சுடலாம். எட்டு வாரம் தடுப்பு போட்டா முடிஞ்சுது."

எட்டு வாரம் அஞ்சடியில் தடுப்பு என்றால் ஜெயா அக்காவுக்கு மேசை இல்லை. எட்டு வாரத்துக்குள் தீபாவளி. அவருக்கு வருஷ வருமானத்தில் பாதி தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் இருக்கிறது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயைத் திறந்தேன். "சார், தேவையே இல்லை. இடது கால்ல மட்டும்தான் கொஞ்சம் உளுத்திருக்கு. நல்ல ஃபில்லர் போட்டு பெயிண்ட் பண்ணா இருபது வருஷம் நிக்கும். பூக்கடை ரெண்டு நாள் நகர்ந்தா போதும்" என்றேன். இருபது வருஷம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவர் தலையாட்டினார். "சரி. ஆனா ஒண்ணு. அது திரும்ப வந்துச்சுன்னா நான் ரிப்பேர் பேச மாட்டேன். அன்னைக்கே தடுப்புதான்."

ஜெயா அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சொந்தக்காரர் போனதும் ஒரு முழம் மல்லிகையை நறுக்கி என் கையில் திணித்தார். "பிள்ளை, உன்னைத்தான் நம்பி இருக்கேன்" என்றார். தலையில் பூ வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் அன்று ஹெல்மெட்டுக்குள் மல்லிகையோடுதான் ஆபீஸுக்குப் போனேன்.

*

அப்புறம் ஆரம்பித்தது ஆராய்ச்சி.

பொருளறிவியல் படித்தவள் நான். ஒரு பொருளைப் பார்த்தால் அதை உடைத்துப் பார்க்கத் தோன்றும். ஏழு வகை ஃபில்லர் வாங்கினேன். டப்பாவைத் திறந்ததும் பூசக்கூடிய, தண்ணீர் கலந்த பட்டி. ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பழைய பாணிப் பட்டி. மரத்தூளும் பசையும். நெளிந்துகொடுக்கும் என்று டப்பாவே சத்தியம் செய்த ஒன்று. கார் ஒடுக்கு எடுக்கிற பட்டறைகளில் பூசும், ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும் இரண்டைக் கலந்து செய்யும் பட்டி. எப்பாக்சி பிசின் இரண்டு விதம். பழைய மரத்துண்டு ஒன்றில் ஏழு ஓட்டைகள் குடைந்து, ஏழிலும் ஏழு ஃபில்லரை நிரப்பி, உலரவைத்து, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர், பெயிண்ட் அடித்து, ஊறவைத்து, வெயிலில் வைத்து, சுத்தியால் தட்டி, நகத்தால் கீறி, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். வண்ண வண்ணக் கட்டங்கள் கொண்ட பட்டியல். ஆறாம் எண் எப்பாக்சி எல்லோரையும் தோற்கடித்தது. தண்ணீர்ப் பட்டி வெளியில் வைத்த நாலாம் நாளே வீங்கியது. கார்ப் பட்டி கெட்டியாக இருந்தது, ஆனால் மரம் மூச்சுவிட்டபோது ஓரத்தில் மயிரளவு விரிசல் விட்டது. மரம் நனைந்தால் கொஞ்சம் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். கூடவே நகர முடியாத ஃபில்லர் தனியே நின்றுவிடும். இதெல்லாம் உண்மை, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பரீட்சைக்கு உதவும்.

பாஸுக்குப் பட்டியல் மிகவும் பிடித்துப்போனது. அந்த மரத்துண்டை மீட்டிங் அறையில் மாட்டினார். வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் காட்டினார்.

எங்கள் தச்சர் அந்தோணி மட்டும் அதைப் பார்க்கவில்லை. அவருக்கு ஜொகூரில் வீடு. விடியற்காலையில் உட்லண்ட்ஸ் எல்லைப் பாலத்தின் நெரிசலைத் தாண்டி வருகிறவர். அதனால் காலை பத்து மணிவரை அவருக்கு உலகத்தில் எதுவும் பிடிக்காது. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வாக்கியத்தை "லா" என்று முடிப்பார், என்னை "மேடம்" என்பார். அந்த மேடத்தில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

பட்டியலை ஃபோனில் காட்டினேன். கோப்பியை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "இந்த மரத்துண்ட எங்க வச்சு பூசினீங்க?"

"ஆபீஸ்ல."

"ஏர்கான்ல?"

"ஆமா. அதனால என்ன? அப்புறம் ஊறவச்சுதான் டெஸ்ட் பண்ணேன்."

"ஒண்ணும் இல்ல மேடம். மரம் கொடுத்து வச்சது லா."

என் பட்டியலில் ஏழு வரிகள் இருந்தன. எட்டாவது வரியாக "மரம்" என்று எழுதலாம் என எனக்குத் தோன்றவில்லை. மரம் ஒரு ஃபில்லர் இல்லையே.

*

இப்போது இந்தக் கதையின் முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன்.

பூசுவதற்கு முன்னால் மரத்தில் ஈரம் அளக்க வேண்டும். அதற்கு மீட்டர் இருக்கிறது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். ஏர்போர்ட்டில் கழிவறை எப்படி இருந்தது என்று கேட்டு அழுத்தச் சொல்லும் முகப் படங்களைவிட எளிது.

நான் போனபோது ஜெயா அக்கா மேசையில் இல்லை, பக்கத்தில் டீ வாங்கப் போயிருந்தார். நிலைக்காலின் அடிப்பாகம் பூ வாளிகளுக்குப் பின்னால். வாளிகளில் சாமிக்குப் போகிற பூ. என் காலில் சிமெண்ட் பிடித்த பூட்ஸ், கையில் பழைய பெயிண்ட். பூவை முகர்ந்து பார்த்தாலே ஜெயா அக்கா விரட்டுவார். "சாமிக்கு முந்தி உனக்கா?" என்று ஒரு சுற்றுலாப் பயணியைத் தமிழிலேயே திட்டி, அவரும் புரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வாளியைக் காலால் தள்ளவா? கையால் தூக்கவா? எனக்கு எந்தச் சாமியிடமும் பெரிய நெருக்கம் கிடையாது. ஆனாலும் கை வரவில்லை.

ஆகவே எட்டிய இடத்தில் குத்தினேன். இடுப்பு உயரம். பச்சை விளக்கு. இன்னும் இரண்டு இடம், அதே உயரம். பச்சை, பச்சை. படம் எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் "நிலைக்கால்: உலர்ந்துள்ளது" என்று எழுதினேன். குனியவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வேலை நாளில் ஜெயா அக்கா வாளிகளை எல்லாம் எதிர்ப்பக்கம் நகர்த்திக் கொடுத்தார். அந்தோணி உளியால் உளுத்ததைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு முழங்கை நீளம், உள்ளங்கை ஆழம்.

"ஈரம் இருக்கு மேடம்."

"நேத்து மீட்டர்ல பார்த்துட்டேன், பச்சை."

அவர் சுரண்டிய தூளை விரலால் உருட்டினார். அது உருண்டையாக நின்றது. காய்ந்த மரத்தூள் உருண்டையாகாது. அதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இது பட்டி பாக்கற ஓட்டை இல்ல மேடம். குடித்தனம் பண்ற ஓட்டை."

"ஆறாம் எண் இதைவிடப் பெரிய ஓட்டையெல்லாம் தாங்கும்."

"மீட்டர் சொன்னா சரி லா" என்று சொல்லிவிட்டுக் கலக்க ஆரம்பித்தார். நேர்மையாகச் சொல்கிறேன், மிக அழகாகப் பூசினார். பூசி, இழைத்து, பெயிண்ட் அடித்து முடித்தபோது எது பழைய மரம், எது எப்பாக்சி என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. நிலையின் மேல்சட்டத்தில் வரிசையாக ஆணி ஓட்டைகள் வேறு இருந்தன, ஐம்பதுக்கு மேல். அவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். இரண்டு நாள் கழித்து ஜெயா அக்கா மேசையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். சொந்தக்காரர் ஃபோனில் படம் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

நானும் எனக்கே ஒரு கட்டைவிரல் காட்டிக்கொண்டேன்.

*

மூன்று வாரம் கழித்து ஜெயா அக்காவிடமிருந்து ஃபோன். பின்னால் மேளச் சத்தம்.

"பிள்ளை, இங்க ஒரு பல்லு விழுந்திருக்கு. வந்து எடுத்துட்டுப் போறியா?"

போனேன். உண்மையிலேயே பல் போலத்தான் இருந்தது. ஆறாம் எண் எப்பாக்சி, முழங்கை நீளத்துக்கு, ஒரு சில்லுகூட உடையாமல், அச்சு வார்த்த மாதிரி முழுசாகக் கழன்று வந்திருந்தது. அதன் பின்பக்கத்தில் மரத்தின் ரேகைகள்கூடப் பதிந்திருந்தன. என் பட்டியல் பொய் சொல்லவில்லை. ஃபில்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய மரம்தான் பின்னால் கூழாகிவிட்டிருந்தது. முன்பக்கத்தை நான் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டதால் உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வேலையைத் தொடர்ந்திருக்கிறது, முன்னைவிட வேகமாக.

ஜெயா அக்கா ஓட்டைக்கு முன்னால் பெரிய வாளியை வைத்து, அதில் உயரமான தாழம்பூவைச் செருகி மறைத்திருந்தார். "சனிக்கிழமை கட்டடத்துக்காரரு வராரு. வாளிய நகத்த மாட்டேன், ஆனா அவரு நகத்துவாரே" என்றார்.

அன்று புதன்.

பாஸுக்கு ஃபோன் செய்தேன். அவர் யோசித்தது மூன்று வினாடி. "ரிப்போர்ட்ல பூசின விதம் சரியில்லைன்னு போடு. அதுக்கு முன்னாடி கார்ப் பட்டி வாங்கி இன்னைக்கே அடைச்சுடு. அஞ்சு நிமிஷத்துல காஞ்சுடும். சாயங்காலம் பெயிண்ட். சனிக்கிழமை அவர் பார்க்கும்போது நல்லா இருக்கும்."

பூசின விதம் சரியில்லை என்றால் பூசியவர் சரியில்லை என்று அர்த்தம். பூசியவர் எனக்குப் பக்கத்தில் நின்று, விழுந்த எப்பாக்சியை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல வேலை" என்றார். தன் வேலையைச் சொன்னாரா, என் வேலையைச் சொன்னாரா, தெரியவில்லை.

நான் அவரிடம் கேட்டேன்: "கார்ப் பட்டி நிக்குமா அண்ணே?" அதுவரை நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. ஆபத்துக் காலத்தில் உறவுமுறை தானாக வருகிறது.

"நிக்கும். தீபாவளி வரைக்கும் நிக்கும். பொங்கல் வரும்போது உள்ள இருக்கற மரம் நிக்காது. அப்ப சுரண்டினா உளுப்பு இடுப்பு வரைக்கும் போயிருக்கும், மொத்த நிலையும் மாத்தணும்."

ஜெயா அக்கா உடனே சொன்னார்: "தீபாவளி வரைக்கும் நின்னா போதும்டி! பொங்கல பொங்கல் பாத்துக்கட்டும். நீ அடை."

பாருங்கள், இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். உங்களிடம் யாராவது நேர்மையைப் பற்றிப் பேசும்போது, தப்பான வழி எப்போதும் கெட்டவர்களிடமிருந்துதான் வரும் என்பது போலப் பேசுவார்கள். என்னிடம் அந்த வழியைக் கேட்டவர், நான் காப்பாற்ற நினைத்த ஆளேதான். அடைத்தால் அவருக்குத் தீபாவளி உண்டு. உண்மையைச் சொன்னால் சனிக்கிழமையே தடுப்பு வரும். பொய் சொல்வதுதான் அங்கே இரக்கமுள்ள காரியமாகத் தெரிந்தது.

ஆகவே கார்ப் பட்டியைக் கலந்தேன். நானே கலந்தேன். அந்தோணியிடம் கொடுக்க வாய் வரவில்லை. பலகையில் பட்டி, ஓரத்தில் பட்டாணி அளவு இறுகவைக்கும் பசை, கத்தியால் மடித்து மடித்து ஒரே நிறமாகும்வரை. பாலாடைக்கட்டி மாதிரி பதம். மத்தியான வெயில், அனல். ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் முறையாக அந்த உயரத்தில் உட்கார்ந்தேன். முதல் முறையாக அந்த வாளி என் முகத்துக்கு நேரே.

அப்போது ஜெயா அக்கா, எங்களையே கவலையோடு பார்த்தபடி, கை தன்போக்கில் செய்வது போல, பாட்டிலை எடுத்து மல்லிகை மேல் தண்ணீர் தெளித்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தெளிப்பார், தெளிக்காவிட்டால் பூ வாடிவிடும். ஒரு மாதத்துக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கண்ணாடியில் அந்தத் துளி பட்டு எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன். தண்ணீர் பூவிலிருந்து மேசைக்கு வந்தது. மேசை ஓரத்தில் கோடாக ஓடியது. நிலைக்காலைத் தொட்டது. நிதானமாக இறங்கி, மரம் தரையில் உட்காரும் இடத்தில் உள்ளே போய்க் காணாமல் போனது. தினமும், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், எத்தனை வருஷமாகவோ.

"அக்கா... நீங்க எப்பவுமே இங்கேதான் தெளிப்பீங்களா?"

"பின்ன? பூவ வச்சிருக்கற எடத்துலதானே தெளிக்க முடியும்?"

திரும்பிப் பலகையைப் பார்த்தேன். பட்டி கல்லாகியிருந்தது. கத்தி அதில் செங்குத்தாக நின்றது. அந்தோணி எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு மேடம்."

மனசாட்சி பேசியது, நான் கேட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பட்டி காய்ந்துவிட்டது. இன்னொரு முறை கலக்க டப்பாவில் நிறைய இருந்தது. கலக்கவில்லை. அதற்கு மட்டும் கொஞ்சம் மதிப்பெண் கொடுங்கள்.

*

சனிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே சொந்தக்காரருக்கு ஃபோன் செய்தேன். "சார், அது விழுந்துடுச்சு. ஃபில்லர் தப்பில்ல, பூசினவர் தப்பில்ல. ஈரத்த நான் அளந்த இடம் தப்பு." மறுமுனையில் லிஃப்ட் கதவு மூடும் ஒலி மட்டும். பிறகு, "சனிக்கிழமை பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

ஜெயா அக்கா என்னோடு பேசவில்லை. மூன்று நாளும் மற்ற எல்லோரிடமும், எனக்குக் கேட்கும்படி பேசினார். "படிச்ச பிள்ளைங்க ரொம்ப நல்லவங்க. நம்மள நடுத்தெருவுல விட்டாலும் உண்மை பேசித்தான் விடுவாங்க."

சனிக்கிழமை சொந்தக்காரர் வந்தார். தாழம்பூ வாளியை ஜெயா அக்காவே நகர்த்தினார். நான் மீட்டரை எடுத்து அடியில் குத்தினேன், சிவப்பு. ஒரு சாண் மேலே, சிவப்பு. முழங்கால் தாண்டியதும் மஞ்சள். இடுப்பில் பச்சை. என் அறிக்கை சரிதான், இடுப்புக்கு மட்டும்.

அவர் என்னைப் பார்த்தார். "முதல்ல குனியலையா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"பூ வாளி இருந்துச்சு. தொடக் கூச்சமா இருந்துச்சு."

அவர் முகம் மாறவில்லை. ஆனால் ஜெயா அக்கா பக்கத்திலிருந்து, அவரையும் மீறி, ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, ஐயோவா, இரண்டுமா தெரியவில்லை. "என்னைக் கூப்பிட்டிருந்தா நான் தூக்கி வச்சிருப்பேனேடி!"

சொந்தக்காரர் அந்தோணி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உருவிடலாமா?"

அந்தோணிக்கு அது பழி தீர்க்க நல்ல சந்தர்ப்பம். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்ற மூன்று வார்த்தை போதும். அவர் உளியை எடுத்து முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தட்டினார். கணீரென்று கேட்டது. "மேல நல்ல மரம் சார். இது மாதிரி இப்ப கெடைக்காது. இங்க வெட்டிட்டு, கீழ மட்டும் புது மரம் வச்சு சாய்வா இணைக்கலாம். அடியில ஒரு கருங்கல், மரம் தரையத் தொடக்கூடாது. அஞ்சு நாள்."

"மறுபடி ரிப்பேர்" என்றார் அவர்.

"இல்ல சார்" என்றேன் நான். "போன தடவை செஞ்சதுதான் ரிப்பேர். இது, தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சு செய்யறது." இருபது வருஷம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் ஜெயா அக்காவையும், பூவையும், ஓட்டையையும் வரிசையாகப் பார்த்தார். அதற்குள் ஜெயா அக்கா பாட்டிலை எடுத்தார், தெளிக்கப் போனார், என்னைப் பார்த்தார், கீழே வைத்தார்.

"அஞ்சு நாள்" என்றார் சொந்தக்காரர். "ஆறாவது நாள் தடுப்பு."

*

ஐந்து நாளில் முடிந்தது. நான்காம் நாள் அடித்த மழையைப் பற்றி எழுதினால் வீரக்கதை ஆகிவிடும், அதனால் விடுகிறேன். அந்தோணி இணைத்த இடம் கோடு மாதிரிதான் தெரியும். அந்தக் கோட்டில் ஆறாம் எண் எப்பாக்சி கொஞ்சம் போட்டோம், ஒரு தேக்கரண்டி இருக்கும். அவ்வளவு ஆராய்ச்சிக்கு ஒரு தேக்கரண்டி. ஜெயா அக்கா மேசைக்கு அடியில் ஒரு தகரத் தட்டு, கொஞ்சம் சாய்வாக. தெளிக்கிற தண்ணீர் அதில் வழிந்து அஞ்சடி ஓரத்துச் சாக்கடைக்குப் போகும். செய்ய ஒரு மணி நேரம் ஆனது. இந்தக் கதையில் வெளிமரத்தைக் காப்பாற்றியது அந்தத் தகரத் தட்டுதான். என் பட்டியலில் அதற்கும் வரி கிடையாது.

மேல்சட்டத்து ஆணி ஓட்டைகள் மிச்சம் இருந்தன. இந்த முறை நான் உஷார். ஏணி போட்டு, எல்லா இடத்திலும் மீட்டர் குத்தினேன். முழுக்கப் பச்சை. பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "அக்கா, இந்த ஓட்டையெல்லாம் எப்படி வந்துச்சு?"

"தோரணம் கட்டத்தான். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, வருஷப் பிறப்புக்கு. ஒவ்வொரு தடவையும் புது ஆணி."

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஓட்டை ஏன் வந்தது, மறுபடி வருமா என்ற இரண்டையும் ஃபில்லர் டப்பாவைத் திறக்கும் முன் கேட்டுவிட்டேன். பாடம் கற்றுக்கொண்டவள். ஐம்பத்து மூன்று ஓட்டைகளையும் அடைத்து, பெயிண்ட் அடித்து, அதற்குக் கீழே அந்தோணியிடம் சொல்லி ஒரு மெல்லிய மரச்சட்டம் திருகாணியில் பொருத்தினேன். இனிமேல் ஆணி எல்லாம் அதில் அடிக்கலாம். ஓட்டையானால் சட்டத்தை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், பழைய நிலைக்கு ஒன்றும் ஆகாது. அந்தோணி அதை இழைத்து, ஓரத்தில் சின்னதாகப் பூ வேலைகூடச் செய்துவிட்டார். ஜெயா அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கூட்டம் அலைமோதுகிறது. மேசை அதே இடது பக்கத்தில். பூ மலை மாதிரி. ஜெயா அக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்று, வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தி. அந்தோணியும் நானும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது ஆணி இறங்கிவிட்டது. சட்டத்துக்கு ஒரு விரல் மேலே, பளபளவென்று பெயிண்ட் அடித்த பழைய நிலையில், நான் அடைத்த ஓட்டைகளுக்கு நடுவில்.

"அக்கா!" என்று கத்தினேன். "சட்டத்துல அடிக்கச் சொன்னேனே!"

அவர் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டு, அந்தப் பூ வேலையை ஒரு விரலால் தடவிக் காட்டினார்.

"எவ்வளவு அழகா செஞ்சிருக்காரு பாரு. இதுல போயி ஆணி அடிக்க மனசு வருமா?"

அந்தோணி என் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தனாம் எண்ணு மேடம் கலக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

நான் தோரணத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.